சின்ன ரூமின் விலை நாலு பாட்டு

லிஃப்ட்காரர் அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவெடுத்துவிட்டார். மனைவி தலைகீழாக நின்றாலும் சரி, ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, சின்ன ரூமை விட்டுக்கொடுப்பதில்லை. எடுத்த முடிவின் வேகத்தில் பிரஷ்ஷின் கைப்பிடி உடைந்துவிட்டது. மிச்சப் பல்லை விரலால் தேய்த்தார்.

அவர் வேலை லிஃப்ட் பழுதுபார்ப்பது. பெரிய பெரிய கட்டிடங்களில் நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம், "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று கம்பீரமாகக் குரல் கொடுத்து இறக்கிவிடுவார். ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குகிற அந்த மனிதருக்கு வாய்த்த வீடு மூன்றாவது மாடி. அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. வெளியில் அவர் குரலுக்கு இரும்புப் பெட்டியே அசையும். வீட்டில் ஒரு நாற்காலிகூட அசையாது.

நாற்காலி அசையாததற்குக் காரணம் அதன் மேல் குவிந்து கிடக்கும் துணி. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். கட்டிடத்தில் எல்லோருக்கும் அவள் டைலரம்மா. ஹாலில் மிதிக்கிற மெஷின், மெஷினைச் சுற்றிப் பள்ளிக்கூடச் சட்டைகள், சட்டைகளைச் சுற்றிப் பாவாடைகள். சோபாவில் உட்கார வருகிறவர் முதலில் கையால் தடவிப் பார்க்க வேண்டும். தடவாமல் உட்கார்ந்த உறவினர்கள் யாரும் மறுபடி வந்ததில்லை.

இதில் லிஃப்ட்காரருக்கென்று மிஞ்சியிருந்தது சின்ன ரூம் ஒன்றுதான். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அவள் ஏறிய ரயில் அடுத்த ஸ்டேஷனைத் தொடுவதற்குள், தன் பழைய டேப் ரெக்கார்டரையும் கேசட் பெட்டிகளையும் அங்கே கொண்டுபோய் வைத்து இடம் பிடித்துவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் கதவைச் சாத்துவார். ஒரு கேசட்டைப் போடுவார். உடம்பு ஈஸிசேரில் கிடக்கும். மனசு பதினைந்து, பதினாறு வயதில் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு வழுக்கை கிடையாது, முழங்கால் வலி கிடையாது, மேனேஜர் கிடையாது. இந்த ரூம் போய்விட்டால் பதினாறு வயதாக இருப்பதற்கு உலகத்தில் வேறு இடமே இல்லை என்று அவர் மனதார நம்பினார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு ஹாலுக்கு வந்தார். மனைவி பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஒண்ணு கேட்டேனே, யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

"என்ன யோசிச்சீங்க?"

"அது என் ரூம். இந்தப் பேச்சையே இனிமே எடுக்கக் கூடாது."

"அங்க ஜன்னல் இருக்கு. வெளிச்சம் வரும். இங்க ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள கண்ணு பூத்துப் போகுது."

"கண்ணாடி மாத்து."

"மெஷின் சத்தத்துல டிவி கேக்கலேன்னு நீங்கதானே கத்தறீங்க?"

"இனிமே கத்தல. வாயைப் பார்த்தே புரிஞ்சுக்கறேன்."

"அப்போ முடியாதுங்கறீங்க?"

"முடியாது. முடியவே முடியாது."

"சரிங்க."

சரிங்க! கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு இடத்தில் இப்படி ஒரு சொல்லை அவர் கேட்டதே இல்லை. விவரமான ஆளாக இருந்தால் அப்போதே உஷாராகியிருப்பான். லிஃப்ட்காரர் விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் அவர் படியேறி வரும்போதே வீட்டுக்குள் பாட்டு கேட்டது. மனைவியின் செல்போன் மெஷின் மேல் இருந்தது. ஒரு பெண் குரல், கூடவே கை தட்டுகிற மாதிரி தாளம். லிஃப்ட்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

அது சலூன் பாட்டு. அதாவது, அவருக்குப் பதினைந்து வயதானபோது முதல் முதலாக ஷேவிங் செய்யப் போன சலூனில் ரேடியோ பாடிய பாட்டு. முகத்தில் அப்போது எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. இருந்ததை ஊதினாலே போயிருக்கும். ஆனால் அந்தச் சலூன்காரர் சிரிக்கவில்லை. வெள்ளைத் துண்டைப் போர்த்தி, நுரையைக் குழைத்துப் பூசி, கத்தியைத் தீட்டிக்கொண்டு, "சார், மீசையை வைக்கட்டுமா, எடுக்கட்டுமா?" என்று கேட்டார். வாழ்க்கையில் அவரை முதன்முதலாக ஒருவர் சார் என்று கூப்பிட்டது அப்போதுதான். கண்ணாடிக்குள் தெரிந்த முகம் ஒரே நிமிஷத்தில் ஆண்பிள்ளை முகமாகிவிட்டது. வையுங்கள் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். எதை வைப்பது என்று சலூன்காரரும் கேட்கவில்லை. என்ன பெரிய மனசு அந்த மனிதருக்கு!

"ரேடியோவுல என்னமோ பழைய பாட்டா வருது" என்றாள் மனைவி, தலையைத் தூக்காமல். "ஏங்க, சின்ன ரூம்ல அந்த இரும்பு பீரோ துரு ஏறிக் கிடக்கு. கீழ் வீட்டுக் கண்டக்டரண்ணன் கேட்டாரு. ஆனா அதை இறக்கணும்னா ரெண்டு ஆள் கூப்பிடணும். உங்களால எல்லாம் முடியாது."

"யாரால முடியாது?" என்றது பதினைந்து வயதுக் குரல்.

பீரோவை முதுகில் சுமந்து மூன்று மாடி இறக்கியது என்னவோ ஐம்பது தாண்டிய முதுகுதான். மூன்று நாள் அவர் குனிந்தபடியே வேலைக்குப் போனார். லிஃப்டின் அடிப்பாகத்தைப் பார்க்கிற வேலையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதுகு நிமிர்ந்த அன்று இரண்டாவது பாட்டு வந்தது.

அதைக் கேட்டதும் அவருக்கு வலது காது குளிர்ந்த மாதிரி இருந்தது. அவருக்கு நெட்டையன் என்று ஒரு சிநேகிதன். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்மேன், ஒரே ஒரு இயர்போன். இடது பக்கம் இவர் காதில், வலது பக்கம் நெட்டையன் காதில். பஸ் நிறுத்தத்துக் கம்பி வேலியில் உட்கார்ந்து, பஸ்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அந்தப் பாட்டைத் தேயத் தேயக் கேட்டார்கள். இடது பக்கத்தில் குரலும் தபேலாவும்தான் வரும். அந்தப் பாட்டில் வயலின் இருக்கிறது என்பதே இவருக்கு வேலைக்குப் போய்ச் சொந்தமாக ரேடியோ வாங்கிய பிறகுதான் தெரியும். வயலின் முழுக்க நெட்டையன் காதுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பாவி, ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. ஒருவேளை, தபேலா இருப்பது அவனுக்கும் இன்றுவரை தெரியாதோ என்னவோ. எங்கே இருக்கிறானோ. பாதிப் பாட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

லிஃப்ட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கண்டக்டரண்ணனுக்கு உக்கார முடியாம முதுகு வலியாம்" என்றாள் மனைவி. "பாவம். சாய்ஞ்சுக்க ஒரு ஈஸிசேர் இருந்தா நல்லா இருக்கும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. யாரு குடுப்பா இந்தக் காலத்துல?"

"ஏன், நான் குடுக்க மாட்டேனா? ஒரு இயர்போனையே பாதி குடுத்தவன் நான்!"

ஈஸிசேர் போனது. அதற்கப்புறம் சின்ன ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். மூன்றாவது பாட்டு வரும்வரை அதற்கும் குறை சொல்லவில்லை.

மூன்றாவது பாட்டு கொஞ்சம் வேறு மாதிரி. அதைப் பதினாலு வயதில் அவர் ரேடியோவிலிருந்து டேப் ரெக்கார்டரில் பிடித்தார். ரேடியோவுக்கு எதிரே டேப் ரெக்கார்டரை வைத்து, வீட்டில் ஒருவரும் மூச்சுவிடக் கூடாது என்று கட்டளை போட்டு, ரெக்கார்ட் பட்டனை அமுக்கினார். அப்பா இருமலை அடக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். முதல் சரணம் அழகாகப் பதிந்தது. இரண்டாவது சரணம் உச்சத்துக்குப் போகிற இடத்தில் அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல்: "டேய், குழாயில தண்ணி வருது, வாளியை எடுத்துட்டு வாடா!" அதுவும் பாட்டோடு சேர்ந்து பதிந்துவிட்டது. அந்தக் கோபத்தில் அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

அம்மா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மாவின் போட்டோ இருக்கிறது. குரல் அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பாட்டை வேறு எங்கே கேட்டாலும் அவருக்கு அது முழுப் பாட்டாகப் படாது. அந்த இடம் வரும்போது காது தானாக அடுக்களைப் பக்கம் திரும்பும். பாடகி மட்டும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பாடிக்கொண்டு போவாள். அந்த நேரத்தில் அவள் மேல் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்றும் இரண்டாவது சரணம் வந்தது. குரல் மேலே போனது. இவர் காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். சரியாக அந்த இடத்தில் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அந்த ரூம்ல இருக்கிற மேசையைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்!"

உடம்பு தானாக எழுந்தது. அன்று வாளியை எடுக்காமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன், இன்று மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பீரோவும் ஈஸிசேரும் போன பழக்கத்தில் மேசை ஹாலைக் கடந்து, வாசலைக் கடந்து, படியில் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் லிஃப்ட்காரருக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது. அடுக்களைக்கு மேசை எதற்கு? நாம் எதற்குப் படியில் இறங்குகிறோம்?

கீழே கண்டக்டர் வீட்டுக் கதவு அகலமாகத் திறந்திருந்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், லிஃப்ட்காரரின் ஈஸிசேரில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க. நேரா உள்ள போகலாம், போகலாம். மேசைக்கு இடம் ஒதுக்கி வச்சிருக்கேன்."

"மேசை வருதுன்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"மேல பாட்டு கேட்டுச்சே!"

"பாட்டு கேட்டா?"

"என்ன தம்பி இப்படிக் கேக்கறீங்க? உங்க வீட்டுல பழைய பாட்டு கேட்டா, கொஞ்ச நேரத்துல நீங்க ஏதாவது ஒரு சாமானைத் தூக்கிக்கிட்டு இறங்கறீங்க. முதல் பாட்டுக்கு பீரோ. ரெண்டாவதுக்கு ஈஸிசேர். நம்ம பஸ் மாதிரி, விசில் அடிச்சா வண்டி கிளம்பிடும். இப்பல்லாம் பாட்டு ஆரம்பிச்ச உடனேயே நான் கதவைத் திறந்து வச்சுடறது."

லிஃப்ட்காரர் மேசையின் ஒரு காலைத் தன் கால் மேலேயே இறக்கினார்.

"இன்னொண்ணு தம்பி" என்றார் கண்டக்டர், குரலைத் தாழ்த்தி. "ஒரு ஸ்டூல் இருந்தா நல்லா இருக்கும். அதுக்கு என்ன பாட்டுன்னு மட்டும் தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

படியேறும்போது லிஃப்ட்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரேடியோவும் இல்லை, தற்செயலும் இல்லை. சின்ன ரூமை ஒரே கேள்வியில் வாங்க முடியாதவள் தவணை முறையில் வாங்கிக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு பாட்டு போட்டால் ரூமே கைமாறிவிடும். ரத்தம் கொதித்தது. ஆனால் அவர் சண்டை போடவில்லை. சண்டை போட்டு இதுவரை எதிலும் ஜெயித்ததில்லை. அவளுடைய ஆயுதத்தையே அவள் மேல் திருப்பினால் என்ன? அவளுக்கும் ஒரு பாட்டு இல்லாமலா இருக்கும்? அதைக் கண்டுபிடித்துப் போட வேண்டும். அவள் உருகி நிற்கும்போது, "ரூம் உங்களுக்கேங்க" என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும்.

யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் அவளுடைய பாட்டு எது என்று அவர் கேட்டதே இல்லை. இப்போது கேட்டால் உஷாராகிவிடுவாள். மொட்டை மாடிக்குப் போய் மச்சினனுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன்.

"மாப்ளே, உங்கக்காவுக்குச் சின்ன வயசுல ரொம்பப் பிடிச்ச பாட்டு எது?"

"எதுக்கு மாமா?"

"சும்மா, ஒரு ஆசைதான்."

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மாமா. கேட்டா என்னைக் கொன்னே போட்டுடுவா. ஒரு பாட்டு இருக்கு. அதைக் கேட்டா அவ கண்ணுல தண்ணி வந்துடும்."

"அதேதான் வேணும்! சொல்லு, சொல்லு."

மச்சினன் சொன்னான். தேடி எடுத்துப் போனில் ஏற்றிக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம், மனைவி பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது, லிஃப்ட்காரர் எதிரே போய் நின்று, ஒன்றும் தெரியாதவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு பாட்டைத் தட்டிவிட்டார்.

முதல் வரி வந்தது. மெஷினில் இருந்த அவள் கால்கள் நின்றன. பிறகு மெதுவாக, பாட்டின் தாளத்துக்கு மிதிக்க ஆரம்பித்தன. ஊசிக்குக் கீழே துணி நகர்ந்துபோய்விட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"இதை எங்க பிடிச்சீங்க?" என்றாள். குரல் மாறியிருந்தது.

"ரேடியோவுல என்னமோ வருது" என்றார் லிஃப்ட்காரர். விழுந்துவிட்டாள், விழுந்துவிட்டாள் என்று உள்ளுக்குள் குதித்தார்.

"எனக்குப் பதினேழு வயசு அப்போ. டைலரிங் கிளாஸ் போய்க்கிட்டிருந்தேன். ஒரே ஹால்ல பத்து மெஷின். எதிர் மாடில ஒரு ரேடியோ இருக்கும். இந்தப் பாட்டு வந்தா பத்து மெஷினும் ஒரே தாளத்துல ஓடும். யாரும் சொல்லிக்கறது இல்ல, கால் தானா அப்படிப் போகும். அப்புறம் பாட்டு வேகம் பிடிக்கும் பாருங்க, பத்து மெஷினும் வேகம் பிடிச்சுடும். ஓரம் எல்லாம் கோணக் கோணலா ஓடும். டீச்சர் ஸ்கேலைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. 'பாட்டைத் தைக்காதீங்கடி, பாவாடையைத் தைங்க!' அப்படீன்னு கத்துவாங்க. நாங்க சிரிச்சுச் சிரிச்சு நூலை அறுத்துடுவோம்."

சொல்லும்போதே சிரித்தாள். லிஃப்ட்காரருக்கும் சிரிப்பு வந்தது. வேலையை மறந்துவிடக் கூடாது என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டார்.

"ஜன்னல் ஓரமா ஒரு மெஷின் இருக்கும்" என்றாள் அவள். "அது டீச்சரோட அண்ணன் பொண்ணுக்கு. எனக்குக் கதவுக்குப் பின்னாடி, இருட்டுல. அவ தலையைத் திருப்பினா வெளியில மரம், வானம், ரேடியோ வச்சிருக்கிற வீடு எல்லாம் தெரியும். நான் தலையைத் திருப்பினா துடைப்பம்தான் தெரியும். அப்போ நினைச்சுப்பேன், ஒரு நாளைக்கு நமக்குன்னு ஒரு ரூம், ஒரு ஜன்னல், ஜன்னல் ஓரமா மெஷின். வெளிச்சத்துல உக்காந்து இந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டே தைக்கணும்னு." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "போகட்டும். அந்த வயசுல என்னென்னவோ ஆசை. நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த இடம் ஹாலில் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. பக்கத்துச் சுவரில் துடைப்பம் மாட்டியிருந்தது. இவ்வளவு வருஷமும் தன் பதினாறு வயதைப் பற்றி அவளிடம் பேசிப் பேசித் தீர்த்தவருக்கு, அவளுக்கும் ஒரு பதினேழு வயது இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"நாளைக்கே மெஷினைச் சின்ன ரூமுக்கு மாத்திடலாம்" என்றார்.

"ஐயோ, வேண்டாங்க. அது உங்க ரூம்."

"பேசாத. இது என் முடிவு. மாத்தணும்னா மாத்தணும்."

"நீங்க இவ்வளவு பிடிவாதமா சொன்னா நான் என்ன பண்றது" என்றாள் மனைவி.

அன்று அவரே ஸ்டூலையும் கேசட் பெட்டிகளையும் வெளியே எடுத்து வைத்தார். அவரே ரூமைக் கூட்டினார். இந்த மாதிரி ஒரு மனுஷன் எந்த வீட்டில் இருப்பான் என்று அவருக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங் பெல் அடித்தது. வாசலில் மச்சினன். தோளில் ஏணி, கையில் ஒயர்ச் சுருளும் டியூப்லைட்டும்.

"என்ன மாப்ளே, காலங்காத்தால?"

"சின்ன ரூம்ல மெஷினுக்கு நேரா லைட் மாட்டணுமே மாமா. அக்கா போன வாரமே சொல்லிட்டா, ஞாயித்துக்கிழமை வாடான்னு."

"போன வாரமா? நேத்து சாயங்காலம்தானே நான் ரூமையே குடுத்தேன்!"

மச்சினன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்போதும் அவன் முகத்தில் ஒன்றும் பெரிதாகக் கலவரம் இல்லை.

"சரி, இனிமே என்ன மாமா. நீங்க எப்படியும் போன் பண்ணுவீங்க, எந்தப் பாட்டுன்னு கேப்பீங்க, கேட்டா இதைச் சொல்லுன்னு அக்காதான் சொன்னா. உடனே சொல்லிடாதே, கொஞ்சம் பயந்து சொல்லுன்னும் சொன்னா. நல்லா பயந்தேனா?"

லிஃப்ட்காரர் திரும்பினார். மனைவி சின்ன ரூம் ஜன்னலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். திரைத்துணி தைக்க வேண்டுமாம்.

"அப்போ... நேத்து நீ அழுதது?"

"அது நிஜம்ங்க" என்றாள் அவள் நிதானமாக. "அந்தப் பாட்டுக்கு நான் எப்பவும் அழுவேன். அதனாலதானே அதைச் சொல்லச் சொன்னேன்."

"என் பாட்டு எல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம? சலூன் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட, அத்தை எந்த வரியில தண்ணி வருதுன்னு கூப்பிட்டாங்கன்னு சொல்லுவேன்."

லிஃப்ட்காரருக்குக் கோபப்பட வேண்டும் போலவும் இருந்தது, முடியாமலும் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. நேற்று சொன்ன பதினேழு வயதுப் பெண் அங்கேயே நிற்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் ஆண்பிள்ளை ஒருவன் இவ்வளவு சுலபமாகத் தோற்றுப் போகலாமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பரவாயில்ல. ரூம் போனா போகட்டும். ஆனா ஒண்ணு. இப்போ உன் பாட்டும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே எனக்கு ஏதாவது வேணும்னா அதைப் போட்டுடுவேன், ஆமா!"

"தாராளமா போடுங்க" என்றாள் மனைவி, அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "நேத்து அதைப் போட்டப்போ குடுத்தது யாரு, வாங்கிக்கிட்டது யாரு?"

லிஃப்ட்காரர் போய் மச்சினனுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.